‘ஸ்போர்ட் காம்பாக்ட் கார்’: அளந்து பார்த்து எழுதிய ஓர் இதழும் அதன் காலமும்

‘ஸ்போர்ட் காம்பாக்ட் கார்’ என்ற அமெரிக்க மாத இதழ் 2009இல் நின்றுபோன பிறகும் அதன் வாசகர்கள் இன்றுவரை அதை இவ்வளவு ஏக்கத்தோடு பேசுவது ஏன், மற்ற கார் இதழ்களில் இல்லாத எது அதில் இருந்தது, பழைய பிரதிகளைத் தேடிப் படிப்பதால் இப்போது ஏதாவது பயன் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். சுருக்கமாகச் சொன்னால், மாற்றியமைத்த கார்களின் உலகில் உதிரிபாகம் விற்பவர் சொன்னதை அப்படியே அச்சிடாமல், வாங்கிப் பொருத்தி, அளந்து பார்த்து, கிடைத்த எண்ணை எழுதிய இதழ் அது. எண் ஏமாற்றமளித்தாலும் எழுதியது. அந்தப் பழக்கம் எந்தச் சூழலில் உருவானது, எப்படி நடைமுறையில் இருந்தது, ஏன் நீடிக்கவில்லை என்பதை விரிவாகச் சொன்னால்தான் அந்த ஏக்கம் புரியும். கல்லூரிக் காலத்தில் பழைய பிரதிகளாக அதை வாசிக்கத் தொடங்கியவன் நான்; வாகனப் பொறியியலே தொழிலாகிவிட்ட பிறகும், காரைச் சக்கரங்களின் மீது தாங்கும் சஸ்பென்ஷன் பற்றி எவராவது கேட்டால் பாடநூலுக்கு முன்பாக அந்த இதழின் கட்டுரைகள்தான் நினைவுக்கு வருகின்றன.

முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும், ஏனெனில் தெற்குக் கலிஃபோர்னியாவைத் தவிர வேறெங்கும் இப்படியோர் இதழ் பிறந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, பழைய ஃபோர்டு கார்களைப் பிரித்துக் கோத்து, வறண்ட ஏரிப் படுகைகளில் விரட்டிப் பார்த்த இளைஞர்கள் அந்த மண்ணில்தான் இருந்தார்கள். அவர்களுக்காக 1948 ஜனவரியில் ‘ஹாட் ராட்’ இதழ் தொடங்கப்பட்டதும் அங்கேதான். நாற்பது ஆண்டுகள் கழித்து அதே ஆசை வேறு கார்களின் மீது, வேறு வீட்டுப் பிள்ளைகளிடம் மீண்டும் முளைத்தது. ஹோண்டா, டொயோட்டா இரண்டின் அமெரிக்கத் தலைமையகங்களும் அப்போது டாரன்ஸில் இருந்தன. நிசானுடையது கார்டினாவில், மஸ்டாவுடையது அர்வைனில், மிட்சுபிஷியுடையது சைப்ரஸில். லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றிய சிறு வட்டத்துக்குள் இத்தனை ஜப்பானிய நிறுவனங்களும், அவற்றின் பொறியாளர்களும், உதிரிபாகக் கிடங்குகளும் கூடியிருந்தன. அதே வட்டாரத்தில் ஜப்பானிய, சீன, ஃபிலிப்பினோ, வியட்நாமிய வம்சாவளிக் குடும்பங்களும் ஏராளமாக வாழ்ந்தன. பெற்றோர் ஓட்டித் தேய்த்த ஹோண்டா சிவிக்கோ அக்கார்டோ பிள்ளையின் கைக்கு வந்தது. எட்டு சிலிண்டர் மஸ்டாங் வாங்க வசதியில்லாத, வாங்கினாலும் அந்தக் கூட்டத்தில் உரிமையோடு போய் நிற்க முடியாத ஒரு தலைமுறை, கையிலிருந்த சிறிய காரையே வேகமாக்க முனைந்தது.

1990இல் பாம்டேலில் உள்ள லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி ரேஸ்வேயில் ‘பேட்டில் ஆஃப் தி இம்போர்ட்ஸ்’ என்ற பெயரில் இறக்குமதிக் கார்களுக்கென்றே கால் மைல் பந்தயம் தொடங்கியபோது, அதுவரை தொழிற்பேட்டைகளின் பின்தெருக்களில் இரவில் நடந்துவந்தவற்றுக்கு முறையான ஓடுதளம் கிடைத்தது. அந்தக் காலத்தின் நாயகன் ஹோண்டா சிவிக் என்பதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. 1992 முதல் 1995 வரை வந்த சிவிக் சிஎக்ஸ் என்ற அடிப்படை ரகத்தில் 70 குதிரைத்திறன்தான் இருந்தது. ஆனால் காரின் எடை ஏறக்குறைய 950 கிலோதான், முன்னும் பின்னும் ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் இரு கைகளால் பிடிக்கும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன், விலையோ குறைவு. அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்டெக்ராவின் எஞ்சினை அதில் பொருத்துவதற்கு உடற்கூட்டை வெட்ட வேண்டியதில்லை. சரியான மவுண்ட்டுகளும் வயரிங்கும் கிடைத்தால் போதும்.

அப்படி எல்லோரும் தேடிய எஞ்சின் 1989இல் ஜப்பானில் அறிமுகமான பி16ஏ. 1595 சிசி கொள்ளளவில், காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும் டர்போ இல்லாமல், 160 குதிரைத்திறன் தந்த எஞ்சின் அது; தெருக் கார்களில் ஒரு லிட்டருக்கு நூறு என்ற கணக்கு அந்நாளில் அரிதிலும் அரிது. அதற்குக் காரணமான, வால்வுகள் திறக்கும் அளவைச் சுழற்சிக்கேற்ப மாற்றும் விடெக் அமைப்பை, பொறியியல் படிக்காத ஒரு பதினெட்டு வயதுப் பையனுக்கும் புரியும்படி அச்சில் விளக்க முடியும் என்று காட்டியதே இந்த இதழின் முதல் சாதனை என்பேன். வால்வுகளைத் திறக்கும் சுழல்தண்டான கேம்ஷாஃப்ட்டில் ஒவ்வொரு வால்வு ஜோடிக்கும் மூன்று மேடுகள் இருக்கும். ஓரங்களில் உள்ள இரண்டும் தாழ்வானவை, நடுவிலுள்ளது உயரமானது. குறைந்த சுழற்சியில் ஓர மேடுகள் மட்டுமே வால்வுகளைத் திறக்கும். நடு மேட்டின் கீழுள்ள ராக்கர் ஆர்ம் என்ற நெம்புகோல் எதையும் தள்ளாமல் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 5500 சுற்றுகளைத் தாண்டும்போது எண்ணெய் அழுத்தம் ஒரு சிறு பின்னைத் தள்ளி மூன்று ராக்கர் ஆர்ம்களையும் ஒன்றாகப் பூட்டிவிடும். அந்தக் கணத்திலிருந்து உயரமான நடு மேடே வால்வுகளை ஆளும், எஞ்சினின் குரலும் மாறும். இந்தச் செயல்முறை தெரிந்தவர், கேம்ஷாஃப்ட்டை மாற்றுவதற்கு முன் அந்தப் பூட்டும் புள்ளியை எங்கே வைக்க வேண்டும் என்று யோசிப்பார். தெரியாதவர் விளம்பரத்தில் சொன்னதை வாங்கிப் போடுவார். வாசகரை முதல் வகையினராக்குவதற்கு இதழ் பாடுபட்டது.

எஞ்சின்கள் கப்பலில் வந்தன. ஜப்பானில் கார்களுக்கான கட்டாய ஆய்வு செலவு மிக்கது என்பதால் நன்றாக ஓடும் கார்களையும் உரிமையாளர்கள் சில ஆண்டுகளிலேயே கைவிடுவதுண்டு. அவற்றின் முன்பாதியை அப்படியே வெட்டியெடுத்து, எஞ்சின், கியர்பாக்ஸ், வயரிங், கணினி எல்லாம் சேர்ந்த ஒரே துண்டாகக் கலிஃபோர்னியாவுக்கு அனுப்பும் வணிகம் செழித்தது. ஆனால் கலிஃபோர்னியாவின் புகைக் கட்டுப்பாடு அமெரிக்காவிலேயே மிகக் கடுமையானது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புகைச் சோதனை உண்டு. புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளில் கைவைப்பதை வாகனச் சட்டத்தின் 27156ஆம் பிரிவு தடை செய்கிறது. காற்றை உள்ளே இழுக்கும் இன்டேக்கோ புகையை வெளியேற்றும் ஹெடரோ விற்கும் நிறுவனம், அது புகையைக் கூட்டவில்லை என்று சோதனையில் நிரூபித்து மாநிலக் காற்றுவள வாரியத்தின் ஆணை எண்ணைப் பெற வேண்டும். வேறு எஞ்சினைப் பொருத்தினால், அது காரின் ஆண்டைச் சேர்ந்ததாகவோ அதற்குப் பிந்தையதாகவோ இருந்து, தனக்குரிய எல்லாப் புகைக் கருவிகளோடும் அரசு நியமித்த நடுவர் முன் நிற்க வேண்டும். பல இதழ்கள் இந்த விவரங்களை ஓர் ஓரத்தில் சிறு எழுத்தில் போட்டுவிட்டுக் கடந்துபோயின. ‘ஸ்போர்ட் காம்பாக்ட் கார்’ சட்டத்தையும் ஒரு பொறியியல் நிபந்தனையாகவே எடுத்துக்கொண்டது: புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை வைத்துக்கொண்டே எவ்வளவு சக்தி எடுக்கலாம், மாநிலத்தில் கிடைக்கும் 91 ஆக்டேன் பெட்ரோலில் எஞ்சின் நாக் அடிக்காமல் (எரிபொருள் தானாக வெடித்துத் தட்டாமல்) டர்போ அழுத்தத்தை எதுவரை ஏற்றலாம் என்ற கேள்விகளை அது மதித்தது.

இதழ் 1980களின் பிற்பகுதியில் தொடங்கியது. அதே துறையில் ‘டர்போ’ என்ற இதழ் இருந்தது, 1996இல் ‘சூப்பர் ஸ்ட்ரீட்’ வந்தது, ‘இம்போர்ட் டியூனர்’ வந்தது. ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம். ‘சூப்பர் ஸ்ட்ரீட்’ அந்த இளைஞர்களின் பேச்சையும் கொண்டாட்டத்தையும் நன்றாகப் பிடித்தது என்பதை மறுக்க மாட்டேன். ‘ஸ்போர்ட் காம்பாக்ட் கார்’ தன் தடத்தைத் தொழில்நுட்பத்தில் பதித்தது. அதற்குக் காரணம் எழுதியவர்கள். பொறியியல் ஆசிரியராக இருந்த டேவ் கோல்மனின் ‘டெக்னோபாபிள்’ என்ற பத்தியும், மைக் கோஜிமாவின் எஞ்சின், சஸ்பென்ஷன் கட்டுரைகளும்தான் பலர் இதழைக் கடையில் எடுத்ததும் முதலில் புரட்டிய பக்கங்கள். பொறியாளருக்குரிய பொறுமையும், நண்பருக்கு எழுதும் கடிதத்தின் நெருக்கமும் அந்த எழுத்தில் ஒன்றாக இருந்தன. ஒரு பாகம் ஏன் வேலை செய்கிறது என்று அவர்கள் விளக்கிய பிறகு, அது எந்த நிறுவனத்தினுடையது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடும். விளம்பரத்தால் வாழும் ஓர் இதழுக்கு அது எளிய நிலைப்பாடன்று.

அளப்பது என்று நான் சொல்வது என்ன என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். காரின் சக்தியை அளக்கும் கருவியான டைனோவில் அந்நாளில் பரவலாக இருந்தது ‘டைனோஜெட்’. தரையோடு பதிந்த, நான்கடி விட்டமுள்ள கனமான உருளைகளின் மீது காரின் ஓட்டுச் சக்கரங்களை நிறுத்தி, பட்டைகளால் இழுத்துக் கட்டி, ஒரே கியரில் ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்துவார்கள். உருளையின் நிலைமம் முன்பே தெரியும் என்பதால், அது எவ்வளவு விரைவாக வேகம் பிடிக்கிறது என்பதிலிருந்து சக்கரத்துக்கு வந்து சேரும் சக்தியைக் கணினி கணக்கிடும். கேட்பதற்கு எளிது. ஆனால் சக்கரத்தில் நூறு குதிரைத்திறன் காட்டும் ஒரு சிவிக்கை எடுத்துக்கொள்ளுங்கள்: முதல் ஓட்டத்துக்கும் மூன்றாம் ஓட்டத்துக்கும் இடையில் எஞ்சின் சூடேறிவிடும், இன்டேக் மேனிஃபோல்ட் கொதிக்கும், உள்ளே போகும் காற்று சூடாகி அடர்த்தி குறையும், சில குதிரைகள் காணாமல் போகும். பானெட்டைத் திறந்து வைத்தால் ஓர் எண் வரும், மூடினால் வேறு எண். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் வெப்பநிலை, எதிரில் வைத்த மின்விசிறியின் வலு, அன்றைய காற்றழுத்தம், டயரின் காற்று, பட்டையின் இறுக்கம் எல்லாம் எண்ணை அசைக்கும். கூலாக இருக்கும்போது இன்டேக்கைப் பொருத்தி ஒருமுறை, அதற்கு முன் சூட்டில் பழைய இன்டேக்கோடு ஒருமுறை என்று ஓட்டினால், எதுவுமே தராத குழாய்கூட ஐந்து குதிரை தந்ததாகத் தாளில் வரும். அந்தத் தாள்தான் விளம்பரமாகும்.

இதை அறிந்தவர் எப்படிச் சோதிப்பார்? ஒரே கார், ஒரே டைனோ, ஒரே நாள். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் முன்பு கூலன்ட் ஒரே வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருத்தல். ஒரே நிலையில் பலமுறை ஓட்டி, எண்கள் ஒன்றோடொன்று ஒட்டி வருகின்றனவா என்று பார்த்த பிறகே பாகத்தை மாற்றுதல். முடிந்தால் பழைய பாகத்தை மீண்டும் பொருத்தி, தொடங்கிய இடத்துக்கே எண் திரும்புகிறதா என்றும் பார்த்தல். பிறகு உச்ச எண்ணை மட்டும் சொல்லாமல், முழு வளைகோட்டையும் அச்சிடுதல். ஒரு ஹெடர் 7000 சுற்றில் ஆறு குதிரை கூட்டிவிட்டு 4000 சுற்றில் எட்டைத் தின்றுவிடலாம்; தினமும் அலுவலகத்துக்கு ஓட்டுகிறவருக்கு அது நட்டம், ஓடுதளத்தில் மட்டும் ஓட்டுகிறவருக்கு இலாபம். இரண்டு வளைகோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் படிக்கக் கற்றுக்கொண்ட ஒரு தலைமுறை அந்த இதழால் உருவானது என்று நான் நம்புகிறேன். உச்ச எண்ணை மட்டும் கேட்பவரோடு பேசும்போது அவர்கள் முகத்தில் தெரியும் பொறுமையின்மையும் அங்கிருந்து வந்ததுதான்.

சஸ்பென்ஷன் பகுதியில் இதழ் செய்தது இன்னும் பெரிது என்பது என் கணிப்பு. காரைத் தாழ்த்துவது அன்றைய நாகரிகம். ஸ்பிரிங்கை அறுத்துத் தாழ்த்தியவர்களும் உண்டு. நிசான் சென்ட்ரா எஸ்இ-ஆர் ஓர் உதாரணம். 1991 முதல் 1994 வரை வந்த அந்தச் சதுரமான, எவர் கண்ணையும் கவராத காரில் எஸ்ஆர்20டிஇ என்ற 2 லிட்டர், 140 குதிரைத்திறன் எஞ்சினும், ஓட்டுச் சக்கரங்களில் ஒன்று மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலும் இருந்தன. ஓட்டத் தெரிந்தவர்களின் கார் என்று பெயர் எடுத்தது. ஆனால் முன்புறம் ஸ்பிரிங்கும் அதிர்வுத்தாங்கியும் ஒரே தூணாக அமைந்த மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதிலும் மேலும் கீழும் அசைவதற்கான இடம் குறைவு. தாழ்த்திய ஸ்பிரிங்கைப் போட்டதும் கார் பார்க்க அழகாகிவிடும். வளைவில் திரும்பும்போது ஸ்ட்ரட் அந்தக் குறைந்த இடத்தையும் தீர்த்துவிட்டு அசைவின் முடிவில் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் உட்காரும். அந்தக் கணத்தில் முன்பக்க ஸ்பிரிங்கின் கடினத்தன்மை பல மடங்கு எகிறும், முன் டயரின் பிடி சட்டென்று விட்டுப்போகும், கார் திரும்ப மறுத்து நேரே போகும். ஓட்டுபவர் டயரைக் குறை சொல்வார், அலைன்மென்ட்டைக் குறை சொல்வார். கடைக்காரர் இன்னும் கடினமான ஸ்பிரிங் விற்பார். பம்ப் ஸ்டாப்பின் நீளத்தையும், ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட்டையும், ஸ்பிரிங்கின் வலுவையும் ஒன்றாகக் கணக்கில் எடுத்தால்தான் அந்தக் காரைத் தாழ்த்தலாம் என்பதுதான் தீர்வு.

இதே பாடத்தின் இன்னொரு பகுதி ரோல் சென்டர், அதாவது வளைவில் கார் எந்தக் கற்பனைப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது. ஸ்ட்ரட் வகைக் காரைத் தாழ்த்தும்போது சக்கரத்தை உடற்கூட்டோடு இணைக்கும் கீழ்க் கட்டுப்பாட்டுக் கையின் வெளிமுனை மேல்நோக்கிச் சாய்கிறது. அதனால் காரின் ஈர்ப்பு மையம் இறங்கும் அளவைவிட ரோல் சென்டர் அதிகமாக இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் கூடுவதால், தாழ்ந்த பிறகும் கார் முன்பைவிட அதிகமாகச் சாய முயல்கிறது. தாழ்வாக இருந்தால் நன்றாகத் திரும்பும் என்று கண்ணால் முடிவு செய்தவர்களுக்கு இது அதிர்ச்சி. கட்டுரையோடு வரும் எளிய கோட்டுப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு காரின் அடியில் படுத்து, அந்தக் கை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தவர்கள் பலர். 2001இல் ஹோண்டா சிவிக்கின் முன்பக்க இரட்டை விஷ்போனைக் கைவிட்டு ஸ்ட்ரட்டுக்கு மாறியபோது அந்த வட்டாரமே ஏன் அவ்வளவு வருந்தியது என்பது இந்தக் கட்டுரைகளைப் படித்தவர்களுக்கு விளங்கும். அது வெறும் பழமைப் பற்று என்று ஒதுக்குவது நியாயமன்று.

அட்டைப்படக் கார்களைவிட அந்த இதழின் உயிர் அதன் ‘ப்ராஜெக்ட்’ தொடர்களில் இருந்தது. ஊழியர்களே ஒரு காரை வைத்துக்கொண்டு, மாதம் ஒரு கட்டமாக அதை மாற்றி, ஒவ்வொரு கட்டத்திலும் அளந்து எழுதினார்கள். ‘ப்ராஜெக்ட் எஸ்இ-ஆர்’ அப்படிப்பட்டது. ‘ப்ராஜெக்ட் சில்வியா’வைப் பற்றி இன்றும் தனி மரியாதையோடு பேசுகிறார்கள். அமெரிக்காவில் நிசான் விற்ற 240எஸ்எக்ஸ் காரில் சரக்கு லாரியின் சாயல் கொண்ட 2.4 லிட்டர் கேஏ24 எஞ்சின்தான் இருந்தது; அதே உடலைச் சில்வியா என்ற பெயரில் ஜப்பானில் வாங்கியவர்களுக்கு 1991 முதல் 205 குதிரைத்திறன் தரும் எஸ்ஆர்20டிஇடி டர்போ எஞ்சின் கிடைத்தது. அமெரிக்க உடலுக்குள் ஜப்பானிய எஞ்சினைப் பொருத்தி, ஜப்பானியர் ஓட்டிய காரை மீட்டெடுப்பதே அந்தத் தொடரின் நோக்கம். மாதக்கணக்கில் நீளும் ஒரு வேலையை அதே வேகத்தில், அதன் தடங்கல்களோடு வாசகரும் உடனிருந்து பார்த்தார். ஒரு கட்டம் சொதப்பினால் அடுத்த இதழ் வரும்வரை அவரும் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பு இல்லாமல் இந்த ஏக்கத்தில் பாதிகூட இருந்திருக்காது.

‘அல்டிமேட் ஸ்ட்ரீட் கார் சேலஞ்ச்’ என்ற போட்டியை இதழே நடத்தியதும் இந்த மனப்போக்கின் நீட்சிதான். கால் மைல் பந்தயத்துக்கென்றே செதுக்கிய கார் ஒரு வளைவில் திரும்பாது; ஓடுதளத்துக்கென்றே கட்டிய கார் நெரிசலில் கொதிக்கும்; கண்காட்சிக் கார் லாரியில் ஏறி வந்து லாரியில் போகும். தெருவில் ஓட்டத் தகுந்த ஒரே கார் வேகமாகவும் போக வேண்டும், நன்றாகத் திரும்பவும் வேண்டும், மனிதர் உட்கார்ந்து பயணம் செய்யும்படியும் இருக்க வேண்டும் என்று பல சோதனைகளை அடுக்கியபோது, ஏதோ ஒன்றில் மட்டும் வல்லவர்கள் பின்தங்கினார்கள். எல்லாவற்றிலும் ஓரளவு தேறிய கார்களின் உரிமையாளர்களைப் பற்றிப் படிப்பதே எனக்குப் பிடித்தது. சமரசங்களை வெளிப்படையாகப் பேசியவர்கள் அவர்கள்தான்.

அந்த உலகம் முழுக்கப் பொன்னானது என்று சொன்னால் அது பொய். இன்டெக்ராவும் சிவிக்கும் அந்த ஆண்டுகளில் திருடர்களின் முதல் தேர்வாக இருந்தன. ஒருவரின் அருமையான எஞ்சின் மாற்றம் இன்னொருவரின் காணாமல்போன காரிலிருந்து வந்திருக்கக்கூடும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தும் பேசப்படாத உண்மை. தெருப்பந்தயத்தில் உயிர்கள் போயின. கண்காட்சிகளும் பல இதழ்களும் பெண்களைக் காருக்கு அருகில் வைக்கும் அலங்காரமாக நடத்தின. இன்று அந்தப் பக்கங்களைப் புரட்டும்போது கூச்சம் வருகிறது. சான் டியேகோவில் 1998இல் தெருப்பந்தயக்காரர்களைச் சட்டப்படியான ஓடுதளத்துக்கு அழைத்துவர ‘ரேஸ்லீகல்’ என்ற திட்டம் தொடங்கப்பட்டது இந்த இழப்புகளின் விளைவே. பின்னர் தெருப்பந்தயத்தில் பிடிபட்ட காரை 30 நாள் பறிமுதல் செய்யும் அதிகாரமும் காவல்துறைக்கு வந்தது.

2001இல் வெளியாகி உலகெங்கும் ஓடிய ஒரு தெருப்பந்தயத் திரைப்படம் எல்லாவற்றையும் மாற்றியது. அதுவரை சில வட்டாரங்களில் வாய்வழியாகப் பரவிய ஆர்வம் ஒரே கோடையில் நாடு முழுக்கப் பரவியது. இதழ்களின் பக்கங்கள் பெருத்தன, விளம்பரங்கள் குவிந்தன. ஆனால் வந்து சேர்ந்த பணத்தில் பெரும்பங்கு பின்விளக்கு, பாடிகிட், பெரிய வீல், அடிவிளக்கு ஆகியவற்றிலிருந்து வந்தது. டைனோவில் ஏற்றினால் எதுவும் தராத, தர வேண்டிய அவசியமும் இல்லாத பொருள்கள் அவை. அழகுக்காகக் காரை மாற்றுவதில் தவறில்லை. அளந்து எழுதும் இதழுக்கு அந்த விளம்பரதாரரிடம் சொல்வதற்கு எதுவும் இல்லை என்பதுதான் சிக்கல். நாகரிகம் மாறியதும் அந்தப் பணம் வந்த வேகத்திலேயே வெளியேறியது.

அதே நேரத்தில் கார் நிறுவனங்களும் விழித்துக்கொண்டன. 2002 மாடலாக சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் 227 குதிரைத்திறனோடு அமெரிக்காவுக்கு வந்தது. 2003இல் மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் 271 குதிரைத்திறனோடும், 2004இல் டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ 300 குதிரைத்திறனோடும் வந்தன. இரண்டு ஆண்டுகள் வார இறுதிகளைத் தின்று, புகைச் சோதனைக்குப் பயந்துகொண்டே கட்டிய காரைவிட வேகமான ஒன்றை, முழு உத்தரவாதத்தோடு, மாதத் தவணையில் ஷோரூமிலேயே வாங்கலாம் என்றானது. எங்களைப் போன்றவர்கள் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தவை அந்தக் கார்கள். அவை வந்தது பெருமகிழ்ச்சி. ஆனால் பழைய சிவிக்கை வேகமாக்க வேண்டும் என்ற தேவையின் கூர்மையை மழுக்கியவையும் அவையே.

மீதியை வணிகம் முடித்துவைத்தது. இந்த இதழ்களை எல்லாம் தன்வசம் வைத்திருந்த ப்ரைமீடியா நிறுவனம் 2007இல் தன் ஆர்வலர் இதழ்ப் பிரிவை ஏறக்குறைய 1.2 பில்லியன் டாலருக்கு சோர்ஸ் இன்டர்லிங்க் நிறுவனத்துக்கு விற்றது. கடனில் வாங்கிய சொத்து அது. அடுத்த ஆண்டே பொருளாதாரம் சரிந்தது, கார் விற்பனை விழுந்தது, உதிரிபாக விளம்பரம் வற்றியது. 2009இல் சோர்ஸ் இன்டர்லிங்க் திவால் பாதுகாப்பு கோரியது. ‘ஸ்போர்ட் காம்பாக்ட் கார்’ நின்றதும் அதே ஆண்டில்தான். ‘இம்போர்ட் டியூனர்’ 2014இல் போனது. 2019 டிசம்பரில் அதே குழுமம் தன்னிடமிருந்த 22 அச்சு இதழ்களில் 19ஐ ஒரேயடியாக நிறுத்தியபோது ‘சூப்பர் ஸ்ட்ரீட்’டும் போனது. இணையம்தான் கொன்றது என்று பலர் ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். வாசகரை இணையம் ஈர்த்தது உண்மை. ஆனால் இந்தக் குறிப்பிட்ட இதழை வீழ்த்தியதில் கடனுக்கும் விளம்பரத்தின் தன்மைக்கும் அதைவிடக் குறைந்த பங்கு இருந்ததாக நான் நினைக்கவில்லை.

எழுதியவர்கள் காணாமல் போய்விடவில்லை. டேவ் கோல்மன் மஸ்டாவின் வட அமெரிக்கப் பொறியியல் பிரிவில் வாகன இயக்கவியலில் பணியாற்றச் சென்றார். எம்எக்ஸ்-5 காரின் கையாளுமையைப் பற்றி அவர் பொதுவில் பேசும்போது பழைய பத்தியின் குரல் அப்படியே கேட்கிறது. மைக் கோஜிமா ‘மோட்டோஐக்யூ’ என்ற இணைய இதழில் அதே வகைக் கட்டுரைகளைத் தொடர்ந்தார். இன்று தகவலுக்குக் குறைவில்லை. எந்தக் காரின் எந்தப் பாகத்தைக் கேட்டாலும் காணொளி உண்டு. குறைந்தது வேறு: ஒரே காரை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து, ஒவ்வொரு பாகத்தையும் ஒரே டைனோவில் ஏற்றி, பாகத்தை இலவசமாகக் கொடுத்தவரின் முகம் வாடினாலும் எண்ணை மாற்றாமல் எழுதுகிற ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுத்த ஏற்பாடு. தனியாகக் காணொளி எடுப்பவருக்கு அடுத்த பாகமும் அதே நிறுவனத்திடமிருந்துதான் வர வேண்டும். அவரிடம் நேர்மை இருக்கலாம், பலரிடம் இருக்கிறது. ஆனால் அந்த நேர்மையின் செலவை அவர் ஒருவரே சுமக்கிறார்.

பழைய பிரதிகள் பற்றிய உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். வாங்கலாம், ஆனால் தேர்ந்தெடுத்து வாங்குங்கள். கணினி டியூனிங் பற்றிய பக்கங்கள் காலாவதியாகிவிட்டன. காரின் கணினியோடு கூடுதலாக இணைக்கும் பிக்கிபேக் கன்ட்ரோலர்களைப் பற்றி அன்று எழுதியதில் பெரும்பகுதி இன்றைய எஞ்சின்களுக்குப் பொருந்தாது. குறிப்பிட்ட நிறுவனங்களின் பாகங்களைப் பற்றிய முடிவுகளும் அப்படியே, பாதி நிறுவனங்கள் இப்போது இல்லை. ஸ்பிரிங், டாம்பர் (அதிர்வுத்தாங்கி), பம்ப் ஸ்டாப், ரோல் சென்டர், கேம்பர் (சக்கரத்தின் பக்கச் சாய்வு) பற்றிய கட்டுரைகளும், இன்டேக் மற்றும் எக்ஸாஸ்ட் குழாய்களில் அழுத்த அலைகள் எப்படி நடந்துகொள்கின்றன என்ற விளக்கங்களும், டர்போ அழுத்தத்தின் கீழ் காற்று-எரிபொருள் விகிதத்தை ஏன் 14.7இலிருந்து 12ஐ ஒட்டிய செறிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற பகுதிகளும் இன்றும் செல்லும். அட்டைப்படத்தைப் பார்க்காமல் உள்ளடக்கப் பட்டியலைப் பார்த்து, ஒரே ‘ப்ராஜெக்ட்’ தொடரின் அடுத்தடுத்த இதழ்களைச் சேர்த்து வாங்கினால்தான் பயன். நடுவில் ஓர் இதழ் விட்டுப்போனால் ஏன் அந்த ஸ்பிரிங் மாற்றப்பட்டது என்பதே புரியாமல் போகும். 1990களின் பிற்பகுதியிலிருந்து 2000களின் முதல் சில ஆண்டுகள் வரையிலான இதழ்களில் தொடங்குங்கள். சென்ட்ரா எஸ்இ-ஆர் தொடரில் சஸ்பென்ஷன் பற்றிய பகுதி கிடைத்தால் அதை முதலில் படியுங்கள்.